அஞ்சும் குரலும் அறத்தின் செவியும்

ஒலி ஒன்று, கேட்போர் மூவர்.

கருக்கல் கவியும் நேரம். காட்டிலே கடமான் ஒன்று மேய்ச்சலை நிறுத்தித் தலை தூக்குகிறது. மூங்கிற் புதரின் பக்கமிருந்து வந்த காற்று, புலியின் மணத்தை அதன் மூக்கிலே சேர்த்துவிட்டது. வால் நிமிர்கிறது, முன்னங்கால் தரையை உதைக்கிறது, அடித்தொண்டையிலிருந்து கனத்த குரல் ஒன்று வெடித்துக் கிளம்புகிறது. மானினம் அதைக் கேட்கிறது; அதற்கு அது எச்சரிக்கை. புலியும் கேட்கிறது, அதற்கு அது ஏமாற்றம். மறைவு கலைந்தபின் வேட்டை இல்லை என்பதை அறிந்த அந்த விலங்கு, வந்த வழியே திரும்புகிறது. மூன்றாவதாகக் கேட்பவன் மனிதன். அவனுக்கு அந்தக் குரல் என்ன?

இந்த வினாவைத்தான் இங்கு எடுத்துக் கொள்கிறோம். அச்சத்தால் ஓர் உயிர் எழுப்பும் குரல், அதைக் கேட்ட நம்மிடம் ஏதேனும் கடமையை ஏற்றுகிறதா? அல்லது காற்றிலே பிறந்து காற்றிலே கரையும் ஓசை மட்டும்தானா அது?

"நாட்டிலே மனிதன் அழும் குரலுக்கே செவி சாய்ப்பாரைக் காணோம், காட்டிலே மான் கத்துவதற்கு ஒரு கட்டுரையா?" என்று கேட்போர் இருப்பர். அவர்கட்கு நாம் தரும் விடை இது: செவி இரண்டல்ல, ஒன்றே. எளிய உயிரின் அலறலை வெற்றோசை என்று ஒதுக்கிப் பழகிய செவி, எளிய மனிதனின் அலறலையும் அவ்வண்ணமே ஒதுக்கக் கற்றுக் கொள்கிறது. ஒதுக்குவதற்கு அது தேடிக் கொள்ளும் காரணங்கள்கூட ஒன்றுபோலவே இருக்கின்றன. அந்தக் காரணங்களைத்தான் ஒவ்வொன்றாக எடுத்து உரைகல்லில் உரைத்துப் பார்க்க விரும்புகிறோம்.

முதற் காரணம், "அது வெறும் பொறி" என்பது.

பிரெஞ்சு நாட்டு அறிஞர் தெக்கார்த்து, 1637இல் வெளியிட்ட நூலிலே, விலங்குகளை உயிருள்ள கடிகாரங்களைப் போல எண்ணலாம் என்று வாதிட்டார். சக்கரமும் சுருளும் சேர்ந்து மணியடிப்பதுபோல, நரம்பும் தசையும் சேர்ந்து விலங்கைக் கத்தச் செய்கின்றன. கத்தலுக்குப் பின்னே கருத்தேதும் இல்லை என்பது அதன் சாரம். அவர் வழி வந்தோருள் சிலர், அடிபட்ட நாயின் ஓலத்தைக் கடிகாரச் சுருளின் கிரீச்சொலியாகவே கருதினர் என்று பழைய குறிப்புகள் பகர்கின்றன. கொடுமை செய்வோனுக்கு எவ்வளவு வசதியான தத்துவம் பாருங்கள்! கையிலே கத்தி, எதிரிலே கட்டுண்ட உயிர், காதிலே அலறல், உள்ளத்திலோ உறுத்தல் இல்லை. ஏன்? அலறுவது உயிரல்ல, பொறி!

இந்தத் தத்துவத்தைத் தகர்த்தவர்கள் கவிஞர்கள் அல்லர். பொறுமையோடு புதர் மறைவில் உட்கார்ந்து செவி கொடுத்துக் கேட்ட ஆய்வாளர்கள். கென்யா நாட்டிலே, கிளிமஞ்சாரோ மலையின் அடிவாரத்தை ஒட்டி, அம்போசெலி என்னும் வெளி உள்ளது. அங்கு வாழ்வது வெர்வெட் என்னும் குரங்கினம். சிறுத்தையைக் கண்டால் ஒரு குரல், கழுகைக் கண்டால் வேறொரு குரல், பாம்பைக் கண்டால் பிறிதொரு குரல் என்று இந்தக் குரங்குகள் பிரித்துக் கத்துவதைத் தாமஸ் ஸ்ட்ருசேக்கர் என்பார் 1967இல் எழுதி வைத்தார். பின்னர் ராபர்ட் சேஃபார்த், டாரத்தி செனி, பீட்டர் மார்லர் ஆகிய மூவரும் ஒரு சோதனை செய்தனர். 1980இல் அதன் முடிவு வெளியாயிற்று. குரல்களை ஒலிநாடாவிலே பதிந்து, ஒலிபெருக்கியைப் புதரிலே மறைத்து, சிறுத்தையும் இல்லாத, கழுகும் இல்லாத, பாம்பும் இல்லாத நேரத்திலே அவற்றை ஒலிக்கச் செய்தனர். நடந்தது என்ன? சிறுத்தைக் குரலைக் கேட்ட குரங்குகள் மரத்தை நோக்கிப் பாய்ந்தன. கழுகுக் குரலைக் கேட்டவை வானத்தை அண்ணாந்து பார்த்தன; புதருக்குள் ஒளிந்தன. பாம்புக் குரலைக் கேட்டவை பின்னங்கால்களிலே எழுந்து நின்று புல்லைத் துழாவின.

கண்முன் பகை இல்லை. காதிலே குரல் மட்டும் உண்டு. எனினும் எந்தப் பகை என்பதை அவை உணர்ந்தன. அதற்கேற்ற தற்காப்பைத் தேர்ந்தன. கடிகாரம் மணியடிக்கும், ஆனால் ஒரு கடிகாரத்தின் மணியைக் கேட்டு மற்றொரு கடிகாரம் மரமேறுவதில்லையே!

இன்னும் சுவையானது குட்டிகளின் செய்தி. வெர்வெட் குட்டி, உதிர்ந்து விழும் இலையைக் கண்டும் கழுகுக் குரல் எழுப்புவதுண்டு. தீங்கற்ற பறவையைப் பார்த்தும் அலறுவதுண்டு. வளர வளர, எது பகை, எது பகையல்ல என்பதைத் தேர்ந்து தெளிகிறது. பள்ளியிலே பாடம் சொல்லும் தொழிலில் இருக்கும் நமக்கு இச்செய்தியைப் படித்தபோது உவகை பொங்கியது. கூப்பிடக் கற்றுக் கொள்வதும் ஒரு கல்வி; அச்சத்திற்கும்கூட ஓர் அரிச்சுவடி உண்டு!

பிற ஆய்வுகளும் வந்துள்ளன. பருந்து பறந்து வரும்போது சிறு பறவைகள் எழுப்பும் குரல், மெல்லியதாக, கூர்மையாக, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க இயலாததாக அமைந்திருப்பதை மார்லர் 1955இலேயே விளக்கினார். பகையைச் சூழ்ந்து விரட்டத் துணைக்கு அழைக்கும் குரலோ, எங்கிருந்து வருகிறது என்று எளிதிலே தெரிவது. அமெரிக்காவிலே 'சிக்கடீ' என்று தன் பெயரையே கூவும் ஒரு சின்னஞ்சிறு குருவி உண்டு. அது கூவும்போது இறுதியில் வரும் 'டீ' என்னும் அசையின் எண்ணிக்கை, எதிரே இருக்கும் பகையின் கொடுமைக்கேற்பக் கூடுகிறது என்று 2005இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. பருத்த ஆந்தை அக்குருவியைப் பிடிக்கத் திணறும். சிறிய ஆந்தையோ விரைந்து பற்றும். ஆகவே சிறிய ஆந்தைக்கே அசைகள் மிகுதி! உருவத்தைக் கண்டு மருளாமல் ஆபத்தை அளந்து பேசுகிறது ஒரு குருவி. உருவத்தை மட்டும் கண்டு அஞ்சும் மனிதரை நாம் கண்டதில்லையா?

"பொறி" என்ற வாதம் இதனோடு பொடியாயிற்று. வலியையும் அச்சத்தையும் உணரும் உயிர் அறத்தின் எல்லைக்குள் அடங்கும் என்பதற்கு அதன் பேச்சோ பகுத்தறிவோ அளவுகோல் அல்ல, துன்புறும் ஆற்றலே அளவுகோல் என்று இங்கிலாந்து நாட்டுப் பெந்தாம் 1789இல் வெளியான நூலிலே எழுதினார். அவர் கேட்ட கேள்விக்குக் காடே விடை கூறிவிட்டது.

இரண்டாவது காரணம், முதலாவதைவிட நமக்கு அருகிலே இருப்பது. அது சகுனம்.

கூகை கத்துகிறது, வீட்டிலே கலக்கம் பிறக்கிறது. "சாக்குருவி" என்று பெயரே வைத்துவிட்டோம் அதற்கு! பல்லி ஒலிக்கிறது, பஞ்சாங்கம் புரள்கிறது, எந்தத் திசையிலே எந்தக் கிழமையிலே ஒலித்தால் என்ன பலன் என்று அட்டவணை பேசுகிறது. நரி ஊளையிடுகிறது, புறப்பட்ட பயணம் நிற்கிறது. நம் வகுப்பிலே ஒரு சிறுவன், "ஐயா, ஆந்தை அலறினால் சாவு வருமாமே, உண்மையா?" என்று கேட்டான். "வரும், தம்பி! ஆனால் அந்தச் சாவு எலிக்கு" என்றோம். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் மற்றொரு சிறுவன் கேட்டான்: "அப்படியானால் அது ஏன் அலறுகிறது?"

அந்தக் கேள்வியிலேதான் அறிவு தொடங்குகிறது. கூகை தன் இணையோடு பேசக் கத்துகிறது. தன் எல்லையை உணர்த்தக் கத்துகிறது. கூட்டை நெருங்குவோரைக் கண்டு அஞ்சும்போது சீறுகிறது. அலகைத் தட்டி ஒலி எழுப்புகிறது. அந்தச் சீற்றம் பாம்பின் சீற்றம் போலிருக்கிறது, கேட்பவர் நடுங்குகிறார். நடுங்கிக்கொண்டு சீறுவது எது? கூகை. யாரைக் கண்டு? நம்மைக் கண்டு! நம்மைக் கண்டு அது அஞ்சுகிறது. அதன் அச்சக் குரலைக் கேட்டு நாம் அஞ்சுகிறோம். அஞ்சிய நாம் கல்லெடுத்து எறிகிறோம். குற்றவாளி தன் கையால் வருத்தப்பட்டவனின் கூக்குரலையே தனக்கு நேர்ந்த கேடு என்று கருதும் வேடிக்கையை வேறெங்கே காண்பது?

வேடிக்கை விபரீதமாவதும் உண்டு. வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பின் இந்தியப் பிரிவு, 2010இல் ஆந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. மாந்திரீகத்திற்காகவும் பலிக்காகவும் ஆந்தைகள் பிடிக்கப்படுகின்றன, விற்கப்படுகின்றன, கொல்லப்படுகின்றன, தீபாவளியை ஒட்டி இந்தக் கொடுமை மிகுகிறது என்று அது கூறிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடுக்கிறது. ஆயினும் சட்டத்தின் கை நீளுமுன் மூடநம்பிக்கையின் கை நீண்டுவிடுகிறது. எலியைத் தின்று நெல்லைக் காக்கும் இந்தப் பறவை வந்து அமர்வதற்காக உழவர்கள் வயலிலே தாங்கி நட்டு வைக்கிறார்கள். வயலிலே வரவேற்பு, வாசலிலே வசை! மடகாஸ்கர் தீவிலே அய்-அய் என்னும் இரவு விலங்கையும் இப்படியே சாவின் தூதன் என்று கருதிக் கொல்லும் வழக்கம் உண்டு. கடல் மாறினாலும் மடமை மாறவில்லை.

பொறி என்றவன், குரலுக்குப் பொருளே இல்லை என்றான். சகுனம் என்றவன், அதன் பொருள் முழுவதும் தன்னைப் பற்றியதே என்றான். இருவரும் செய்த பிழை ஒன்றே. கத்தும் உயிர் எதற்காகக் கத்துகிறது என்று இருவருமே கேட்கவில்லை.

மூன்றாவதாக ஒரு சாரார் உளர். அவர்கள் நல்லவர்கள், ஆனால் நல்லெண்ணத்தால் உண்மையை மறைப்பவர்கள். "ஆகா, விலங்கின் தியாகத்தைப் பாரீர்! தன்னுயிர் போனாலும் தன் கூட்டம் பிழைக்கட்டும் என்று அது அலறுகிறது. மனிதனே, வெட்கப்படு!" என்று அவர்கள் பேசுவர். கேட்பதற்கு இனிமைதான். ஆனால் பகுத்தறிவாளர் பாராட்டையும் ஆராய்ந்தே வழங்கவேண்டும்.

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையிலே, டையோகா கணவாயை ஒட்டிய புல்வெளியில், பெல்டிங் நிலஅணில் என்னும் சிற்றுயிர் வாழ்கிறது. பால் ஷெர்மன் என்பார் அதை ஆராய்ந்து 1977இல் எழுதினார். நரியும் கீரியையொத்த விலங்குகளும் தரைவழி வரும்போது குரல் கொடுக்கும் அணிலுக்கு ஆபத்து மிகுதி. பகையின் பார்வை அதன்மேல் திரும்புகிறது. அப்படியிருந்தும் சில அணில்கள் கத்துகின்றன. எவை? பெரும்பாலும் பெண் அணில்கள். அவற்றிலும் மகளும் தங்கையும் அருகிலே வாழும் பெண் அணில்கள். ஆண் அணிலோ பிறந்த இடத்தைவிட்டு அகன்று, உறவற்ற ஊரிலே வாழ்வது. அது வாயை மூடிக்கொண்டு வளைக்குள் ஓடுவதே மிகுதி. உறவு இருக்கும் இடத்திலே உரத்த குரல். உறவு இல்லாத இடத்திலே ஊமைத்தனம்!

ஆப்பிரிக்காவின் கலகாரி வெளியிலே மீர்கட் என்னும் சிறு விலங்கு, கூட்டம் மேயும்போது மேட்டில் ஏறி நின்று காவல் காக்கிறது. தன்னலம் துறந்த காவலன் என்று அதைப் போற்றினர். டிம் கிளட்டன்-பிராக்கும் தோழர்களும் 1999இல் வேறொன்று கூறினர். மீர்கட் தன் வயிறு நிரம்பிய பின்பே காவலுக்கு ஏறுகிறது. வளைக்கு அருகிலேயே நிற்கிறது. பகையை முதலில் காண்பதும் அதுவே, பதுங்க வாய்ப்புடையதும் அதுவே. ஐவரி கோஸ்டின் டாய்க் காட்டிலே சிறுத்தைகளைப் பின்தொடர்ந்தவர்கள் அதே 1999இல் கண்டது, குரங்குகள் குரல் எழுப்பியதும் சிறுத்தை பதுங்கியிருந்த இடத்தைவிட்டு நீங்கிவிடுகிறது என்பது. ஆகவே அந்தக் குரல் தன் இனத்திற்கு "ஓடு" என்பதோடு, பகைக்கும் "உன்னைக் கண்டுகொண்டேன், போ" என்று கூறுவதாகிறது. கத்துபவனுக்கும் அதிலே ஆதாயம் உண்டு.

அப்படியானால் அந்தக் குரலின் பெருமை போயிற்றா? போகவில்லை என்கிறோம் நாம். தாய் தன் பிள்ளையைக் காப்பது இயற்கை. இயற்கை என்பதாலேயே அது இழிவாகிவிடாது. ஆனால் இயற்கை வரைந்த வட்டத்தின் அளவை நாம் மறைக்கவும் கூடாது. அணிலின் வட்டம் உறவு வட்டம். அதற்கு அப்பால் அது செல்லவில்லை. செல்லவேண்டும் என்று அதனிடம் கேட்கவும் இயலாது. ஏனெனில் "என் உறவுக்கு மட்டும்தானா?" என்ற கேள்வி அதன் உள்ளத்திலே எழுவதாக நாம் அறியோம். அந்தக் கேள்வி எழக்கூடிய உள்ளம் நம் உள்ளம். ஆகவே விலங்கைப் பார்த்து மனிதன் வெட்கப்படவேண்டும் என்பது அரை உண்மை. அந்த வட்டத்தைத் தாண்டும் ஆற்றல் இருந்தும் அதற்குள்ளேயே முடங்கிக் கிடக்கும்போதுதான் அவன் வெட்கப்படவேண்டும்.

இங்கே காடு கற்பிக்கும் மற்றொரு பாடத்தையும் சொல்லியாக வேண்டும். குரல் உறவுக்காகப் பிறக்கிறது. ஆனால் உறவோடு நின்றுவிடுவதில்லை. தென்னிந்தியக் காடுகளிலே நாட்டுக் குரங்குகளை ஆராய்ந்த உமா ராமகிருஷ்ணன், ரிச்சர்ட் காஸ் இருவரும் 2000இல் எழுதிய கட்டுரையிலே, கருமந்தியின் அபாயக் குரலையும் கடமானின் அபாயக் குரலையும் கேட்டு நாட்டுக் குரங்குகள் உணர்ந்து ஓடுகின்றன என்று காட்டினர். மந்தி வேறினம், மான் முற்றிலும் வேறினம். எனினும் "அது நம் இனத்தின் குரல் அல்லவே" என்று நாட்டுக் குரங்கு செவியைப் பொத்திக்கொள்வதில்லை. மானின் மோப்பம் மந்திக்குப் பயன். மந்தியின் பார்வை மானுக்குப் பயன். யாருக்காகவோ பிறந்த எச்சரிக்கை, காட்டின் பொதுச் சொத்தாகிறது.

நம் ஊர்களை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஒரு தெருவிலே தீப்பிடித்தால் அடுத்த தெரு அலறவேண்டும். அலறுகிறதா? "எந்தத் தெரு?" என்ற கேள்வி முதலில் எழுகிறது; அந்த விடைக்கேற்பக் கால் ஓடுகிறது அல்லது நிற்கிறது. ஒரே மொழி பேசுவோர், ஒரே ஆற்று நீர் குடிப்போர், கூக்குரலுக்குச் சாதி பார்த்துச் செவி திறக்கிறார்கள். மான் வேறு, மந்தி வேறு என்று இயற்கையே பிரித்து வைத்த உயிர்கள் ஒன்றன் குரலை மற்றொன்று கேட்கின்றன. இயற்கை பிரிக்காத மனிதர், தாமே எழுப்பிய சுவருக்குப் பின்னே செவிடராய் வாழ்கின்றனர்.

பொதுச் சொத்து என்றால் அதைத் திருடுவோனும் இருப்பான் அன்றோ? இருக்கிறான். கலகாரியிலே பிளவுவால் கரிச்சான் என்னும் கறுத்த பறவை உண்டு. அது மெய்யாகவே பருந்து வரும்போது குரல் கொடுக்கும். மற்ற உயிர்கள் அதை நம்பும். நம்பிக்கை வளர்ந்தபின், மீர்கட் ஒன்று நல்ல இரையைத் தோண்டி எடுக்கும் வேளை பார்த்து, பருந்தே இல்லாதபோது அபாயக் குரல் எழுப்பும். மீர்கட் இரையைப் போட்டுவிட்டு ஓடும். கரிச்சான் இறங்கிக் கவ்விக்கொள்ளும். ஒரு குரலுக்கு ஏமாறுவது நின்றால், வேறோர் உயிரின் அபாயக் குரலை அப்படியே ஒப்பித்து மீண்டும் ஏமாற்றும். டாம் ஃபிளவர் என்னும் ஆய்வாளர் 2011இலும், தோழர்களுடன் 2014இலும் இதை விளக்கினார்.

பறவையை நாம் பழிக்கவில்லை, அது பசியாறுகிறது. ஆனால் அந்தச் சூழ்ச்சியின் அமைப்பைப் பாருங்கள். பொய் எச்சரிக்கை தன் காலிலே நிற்பதில்லை. மெய்யாக எச்சரித்தவர்கள் ஈட்டிய நம்பிக்கையின் தோளிலே ஏறி நிற்கிறது. "ஆபத்து, ஆபத்து" என்று அலறி மக்களை அஞ்சி ஓடச் செய்து, அவர்கள் போட்டுவிட்டுப் போனதைப் பொறுக்குவோர் மனிதரிடையேயும் மலிந்திருக்கிறார்கள். அவர்கள் திருடுவது உணவை மட்டுமல்ல. நாளை மெய்யான ஆபத்து வரும்போது மெய்யான குரலுக்கு இருக்கவேண்டிய மதிப்பையும் சேர்த்தே திருடுகிறார்கள். ஆகவே, கேட்கும் செவிக்குக் கருணை மட்டும் போதாது, தெளிவும் வேண்டும். வெர்வெட் குட்டி கற்றுக் கொள்வதுபோல, இலையையும் கழுகையும் பிரித்தறியும் கல்வி நமக்கும் வேண்டும்.

இனி, நம் நெஞ்சை நேரே நோக்கி வரும் செய்திக்கு வருவோம். விலங்குகள் எதைக் கண்டு மிகவும் அஞ்சுகின்றன? சிங்கத்தையா?

அம்போசெலியிலே கேரன் மெக்கோம்பும் தோழர்களும் யானைகளுக்கு மனிதக் குரல்களை ஒலிபரப்பிக் காட்டினர். 2014இல் முடிவை வெளியிட்டனர். யானையோடு மோதும் மாசாய் இனத்து ஆடவரின் குரலைக் கேட்டதும் யானைகள் நெருங்கிக் கூடின, பின்வாங்கின. மோதல் குறைந்த கம்பா இனத்தாரின் குரலுக்கு அவ்வளவு அஞ்சவில்லை. மாசாய்ப் பெண்டிர், சிறுவர் குரலுக்கும் அவ்வளவு அஞ்சவில்லை. பேசிய சொற்கள் ஒன்றே. பேசிய நாக்குகள் வேறு. எந்த நாக்கின் பின்னே ஈட்டி இருக்கிறது என்று யானை கற்று வைத்திருக்கிறது!

தென்னாப்பிரிக்காவின் குரூகர் காட்டுப் பகுதியில், நீர்நிலைகளின் அருகே, லியானா ஜனெட்டும் தோழர்களும் மறைவான ஒலிபெருக்கிகளை வைத்தனர். 2023இல் முடிவை வெளியிட்டனர். சிங்கத்தின் உறுமல், நாயின் குரைப்பு, துப்பாக்கியின் வெடி, மனிதரின் பேச்சு ஆகியவற்றை ஒலிக்கச் செய்தனர். கூச்சலல்ல, மிரட்டலல்ல, மனிதர் இயல்பாக உரையாடும் பேச்சு! 19 வகை விலங்குகளின் நடத்தை ஆராயப்பட்டது. ஏறக்குறைய எல்லா விலங்குகளும் சிங்கத்தின் உறுமலுக்கு ஓடியதைவிட மிகுதியாக, விரைவாக, மனிதப் பேச்சுக்கே ஓடின. தாகத்தோடு வந்தவை, தண்ணீரை விட்டுவிட்டு ஓடின.

சற்று நின்று சிந்திப்போம். நாம் தாலாட்டுப் பாடும் குரல், காதல் மொழியும் குரல், மேடையேறி அன்பைப் பற்றியும் அறத்தைப் பற்றியும் அடுக்குமொழியில் முழங்கும் குரல் அங்கே எப்படிக் கேட்கிறது? உறுமலைவிட அச்சம் தரும் ஓசையாகக் கேட்கிறது. நம்மைப் பற்றி நாம் எழுதி வைத்துள்ள புகழுரைகள் ஆயிரம். நம்மைப் பற்றி மற்ற உயிர்கள் வழங்கிய தீர்ப்பு இந்த ஓட்டம். அதிலே பொய்ச்சாட்சி இல்லை. வாங்கப்பட்ட வழக்குரைஞர் இல்லை.

இத்தோடு நின்றதா? அவற்றின் எச்சரிக்கையே காதில் விழாதபடியும் செய்துவிட்டோம். நெடுஞ்சாலையின் இரைச்சல் மிகுந்த இடத்திலே, ஒரு பறவையின் அபாயக் குரல் பக்கத்துப் பறவைக்குப் பயன்படாமல் போகிறது என்று அமெரிக்காவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. குரல் எழுகிறது, சக்கரங்களின் சத்தத்திலே அமிழ்கிறது, கேட்கவேண்டிய பறவை கேளாமலே மேய்ந்து கொண்டிருக்கிறது. சரணாலயங்களிலோ, புள்ளிமானின் அபயக் குரல் எந்தத் திசையில் கேட்கிறதோ அந்தத் திசைக்கு ஜீப்புகள் விரைகின்றன, புலியைக் காட்ட! உயிருக்கு அஞ்சி எழுந்த குரல், உல்லாசப் பயணத்துக்கு மணியோசை. காட்டைக் காணவேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஆனால் ஓர் உயிரின் அச்சத்தை வழிகாட்டிப் பலகையாக மட்டும் பார்க்கும் கண்ணுக்கும், அதைக் கடிகார ஒலியாகக் கேட்ட காதுக்கும் தொலைவு அதிகமில்லை என்று கூறவே செய்வோம்.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? காட்டின் உணவு முறையை மாற்ற நாம் யார்? புலி மானைத் தின்னவே செய்யும். மான் அலறவே செய்யும். அதிலே குறுக்கிடுவது அறமும் அன்று, அறிவும் அன்று. நம் கடமை அதைவிட எளியது, அதைவிடக் கடினமானது. நாம் உண்டாக்கும் அச்சத்தை நாம் குறைத்துக் கொள்வதே அது. முதுமலையையும் பந்திப்பூரையும் ஊடுருவிச் செல்லும் நெடுஞ்சாலையிலே, பந்திப்பூர்ப் பகுதியில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டிகள் செல்ல 2009இல் தடை வந்தது. நோயாளி ஊர்திகளும் சில பேருந்துகளும் மட்டுமே விலக்கு. எதிர்ப்பு எழுந்தது, வழக்கு நடந்தது, வாதம் இன்றும் உண்டு. பயணிக்கு ஏற்படும் இடர் மெய்தான். ஆனால் மனிதனின் விரைவுக்கு எதிரே ஊமை உயிரின் உறக்கத்தையும் தராசிலே வைத்து நிறுத்துப் பார்க்கும் நிலைக்கு நாடு வந்தது என்பதே சிறு வெற்றியல்ல.

சட்டம் சொல்லிச் செய்வது அது. சட்டம் சொல்லாமலே செய்தவர்களும் நம் நாட்டிலே இருக்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்திலே வேட்டங்குடி என்னும் இடத்தில் ஒரு பறவைப் புகலிடம் உண்டு. 1977இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நத்தைகுத்தி நாரையும், அரிவாள் மூக்கனும், கொக்கும் மழைக்காலத்திலே வந்து கூடு கட்டுகின்றன. தீபாவளி வருவதும் அந்தக் காலத்திலேதான். அருகிலுள்ள கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள், வெடிச் சத்தத்துக்குப் பறவைகள் மிரளும், கூட்டை விட்டு எழும், குஞ்சுகள் தவிக்கும் என்று கருதி, பல்லாண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. தீபாவளிக்கு மட்டுமல்ல, திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் அவ்வாறே.

அவர்கள் பெரும்பட்டம் பெற்றவர்கள் அல்லர். பெந்தாமின் நூலைப் புரட்டியவர்களும் அல்லர். அந்தப் பறவைகள் அவர்கட்கு உறவும் அல்ல. பருவத்துக்கு வந்து பருவத்துக்குப் போகும் விருந்தினர். ஊரெங்கும் வாணவேடிக்கை நடக்கும்போது, "ஏனம்மா நமக்கு மட்டும் வெடி இல்லை?" என்று கேட்கும் குழந்தைக்கு அந்தத் தாய் விடை சொல்லியாகவேண்டும். அந்த விடையிலே ஓர் அறநூலே அடங்கியிருக்கிறது. அணில் தன் மகளுக்காகக் குரல் கொடுத்தது. இந்த மக்களோ தமக்கு எவ்வகையிலும் உறவல்லாத உயிர்களுக்காகத் தங்கள் குரலையே அடக்கிக் கொண்டார்கள். இயற்கை வரைந்த வட்டத்தைக் குறுக்கே கடந்த கால்கள் அவர்களுடையவை.

கேட்பது என்றால் இதுதான். குரலுக்குப் பொருள் உண்டு என்று ஒப்புவது முதற் படி. அந்தப் பொருளிலே நம்மைத் திணிக்காமல் அந்த உயிரையே காண்பது இரண்டாம் படி. அந்த அச்சத்திலே நம் பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, அந்தப் பங்கைக் கைவிடுவது மூன்றாம் படி. முதற் படியிலே அறிவு போதும். இரண்டாம் படிக்கு நேர்மை வேண்டும். மூன்றாம் படிக்கு, விரும்பிய ஒன்றை விட்டுக் கொடுக்கும் நெஞ்சம் வேண்டும்.

அந்த நெஞ்சத்தை வளர்ப்பதற்குக் காட்டுக்குப் போகவேண்டும் என்பதில்லை. வாசல் வேம்பிலே அணில் ஒன்று விடாமல் கத்தினால், கல்லெடுக்குமுன் ஒரு நொடி நின்று, "இது யாருக்கு அஞ்சுகிறது?" என்று கேட்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் போதும். பெரும்பாலும் பூனை இருக்கும், அல்லது பாம்பு இருக்கும். சில நேரங்களில் அவர்களே இருப்பார்கள். அந்த நாளிலே கையிலிருந்து கல்லைக் கீழே போடக் கற்றவன், நாளை எந்தத் தெருவிலே கூக்குரல் எழுந்தாலும், தெருவின் பெயரைக் கேளாமலே ஓடுவான்.